கேட் வாசலிலிருந்து செனட் வரை: நெப்ராஸ்காவில் டான் ஆஸ்போர்ன் போட்டியிட்ட கதை

2024 நவம்பர் 5 அன்று நெப்ராஸ்கா மக்கள் கையில் வாங்கிய ஓட்டுச்சீட்டில் அமெரிக்க செனட் சபைக்கு இரண்டு போட்டிகள் இருந்தன. ஒன்று வழக்கமான ஆறாண்டுப் பதவிக்கு. இன்னொன்று, இடையில் பதவி விலகிப் போன ஒருவரின் மிச்சக் காலத்துக்கான இடைத்தேர்தல். இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் பீட் ரிக்கெட்ஸ், ஜனநாயகக் கட்சி வேட்பாளரை 25 சதவீத வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்த மாநிலத்தில் அது செய்தியே இல்லை. அதிபர் பதவிக்கு டிரம்ப்பும் 20 சதவீதம் முன்னால் இருந்தார். ஆனால் மற்ற செனட் போட்டியில், ஏற்கெனவே இரண்டு முறை ஜெயித்திருந்த குடியரசுக் கட்சியின் டெப் ஃபிஷர் 7 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தப்பினார். அவருக்கு 53.2, எதிரே நின்றவருக்கு 46.5.

எதிரே நின்றவர் கட்சி இல்லாத சுயேச்சை. கார்ன்ஃபிளேக்ஸ் செய்யும் ஆலையில் பதினெட்டு வருடத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்தவர். அந்த ஆலையின் தொழிற்சங்கக் கிளைத் தலைவர். பெயர் டான் ஆஸ்போர்ன்.

ஒரே நாள், ஒரே மக்கள், ஒரே சீட்டு. ஒரு போட்டியில் 25, இன்னொன்றில் 7. இந்த 18 சதவீத இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. தோற்றவர் கதையை ஏன் இவ்வளவு நீளமாகப் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களில், கையால் உழைக்கும் வேலையிலிருந்து வந்தவர்கள் இரண்டு சதவீத அளவுதான் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். நாட்டில் பாதிப் பேருக்கு மேல் அப்படிப்பட்ட வேலையில்தான் இருக்கிறார்கள். அந்தச் சபையின் கதவை இவ்வளவு அருகில் போய்த் தட்டிய ஒருவர் எப்படிப் போனார், எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்று பார்ப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆலை வாசலில் 77 நாள்

ஆஸ்போர்ன் 1975இல் ஓமாஹாவில் பிறந்தவர். அது நெப்ராஸ்காவின் பெரிய நகரம். கடற்படையில் சேர்ந்து விமானந்தாங்கிக் கப்பலில் வேலை பார்த்தார். அப்புறம் கல்லூரியில் சேர்ந்து, முதல் குழந்தை பிறந்ததும் படிப்பை விட்டார். 2004இல் ஓமாஹா கெல்லாக்ஸ் ஆலையில் மெக்கானிக். ஓடும் இயந்திரம் நின்றால் ஓடி வந்து பார்க்கும் ஆள். இதுவரைக்கும் அந்த ஊரில் ஆயிரம் பேருக்குப் பொருந்தும் வாழ்க்கைதான்.

கதையைத் திருப்பியது 2015இல் போட்ட ஒரு ஒப்பந்தம். அதன்படி ஆலையில் இரண்டு வகை ஆட்கள் உருவானார்கள். பழைய ஆட்களுக்குப் பழைய சம்பளமும் ஓய்வூதியமும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ‘இடைநிலை’ என்று ஒரு பெயர், குறைந்த சம்பளம், குறைந்த சலுகை. நிறுவனமே சொன்ன கணக்குப்படி ஒருவருக்கு மணிக்கு சுமார் 35 டாலர், பக்கத்தில் நிற்பவருக்கு 22. இப்படிப்பட்ட ஆட்கள் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருந்தது. 2021இல் புது ஒப்பந்தம் பேச உட்கார்ந்தபோது அந்த வரம்பையே எடுத்துவிட வேண்டும் என்றது நிறுவனம்.

வரம்பு போனால் என்ன ஆகும் என்று ஆலையில் இருக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுவார்கள். அந்த இடத்தில் 22 டாலர் ஆட்கள் வருவார்கள். பத்து வருடத்தில் ஆலை முழுக்க 22 டாலர்தான். சங்கத்தில் ஓட்டுப் போடும் பெரும்பான்மை அப்போது யார் பக்கம் இருக்கும் என்பதும் தெரிந்ததே. இரண்டு சம்பளம் என்பது காசை மிச்சம் பிடிக்கும் வழி மட்டும் இல்லை, சங்கத்தை உள்ளிருந்தே இரண்டாகப் பிளக்கும் வழியும்கூட. ஆலை வாசலில் நின்று பேசியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

2021 அக்டோபர் 5 அன்று ஓமாஹா, பேட்டில் கிரீக், மெம்ஃபிஸ், லான்காஸ்டர் ஆகிய நான்கு ஊர் ஆலைகளிலும் சேர்த்து சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தினார்கள். கொரோனா காலம் முழுக்க வாரத்தில் ஏழு நாளும், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினாறு என்று ஓவர்டைம் பார்த்து ஓய்ந்திருந்தவர்கள் அவர்கள். ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது ஊருக்குக் காலைச் சாப்பாடு செய்து கொடுத்தவர்கள். ஓமாஹா கிளையின் தலைவராக ஆஸ்போர்ன் முன்னால் நின்றார்.

நவம்பரில் வாசல் மறியலைக் கட்டுப்படுத்தச் சொல்லி, ஓமாஹா கிளையின்மீதே நிறுவனம் வழக்குப் போட்டது. டிசம்பர் தொடக்கத்தில் தற்காலிக உடன்பாடு ஒன்று தொழிலாளர் ஓட்டுக்கு வந்தது. அவர்கள் அதை நிராகரித்தார்கள். உடனே, வெளியே நிற்பவர்களுக்குப் பதிலாக நிரந்தரமாகவே புது ஆட்களை எடுப்போம் என்று அறிவிப்பு வந்தது. நம் ஊரில் கருங்காலி என்று சொல்லும் அதே விஷயம்தான், ஆனால் அமெரிக்கச் சட்டம் அதை அனுமதிக்கிறது. அதிபர் பைடனே வாய் திறந்து கண்டிக்கும் அளவுக்குப் போனது. டிசம்பர் 21 அன்று புது ஒப்பந்தத்தைத் தொழிலாளர்கள் ஏற்றார்கள். நிரந்தரமாக இரண்டு சம்பளம் என்ற ஏற்பாடு இல்லை. இடைநிலை ஆட்கள் முழுச் சம்பளத்துக்கு ஏற வழி உண்டு. விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி தொடரும். 2026 அக்டோபர் வரை எந்த ஆலையையும் மூடக் கூடாது. இந்தக் கடைசி ஷரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த 77 நாள்தான் தேர்தலைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நெப்ராஸ்கா ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறவர்களில் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஏராளம் இருப்பார்கள். பைடனுக்குப் போட்டவர்களும் இருப்பார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர், கருக்கலைப்பை எதிர்ப்பவர், ஆதரிப்பவர் என்று எல்லாரும் ஒரே வாசலில் பனியில் நிற்க வேண்டும். சம்பளம் இல்லாமல், பண்டிகை நெருங்கும்போது, ஒருவரும் உடையாமல். அவர்களைச் சேர்த்து வைக்கத் தெரிந்த கிளைத் தலைவர் எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்று கற்றிருப்பார். 35க்கு 22 என்பதைப் பேசுவார். மற்றது அவரவர் வீட்டு விஷயம். பின்னால் மாநிலம் முழுக்க அவர் செய்த பிரசாரத்தைப் பார்த்தால், அது ஒரு நீண்ட கேட் மீட்டிங் போலவே இருந்தது.

2023இல் ஆலை அவரை வேலையிலிருந்து நீக்கியது. வேலை நேரத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தை நிறுவனம் காரணமாகச் சொன்னது. சங்க வேலைக்கான பழிவாங்கல் என்றார் அவர். அதன் பிறகு குழாய்த் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து, நீராவிக் குழாய் ஃபிட்டராகப் புதுத் தொழிலை முதலிலிருந்து கற்க ஆரம்பித்தார். நாற்பத்தெட்டு வயதில்.

கட்சி இல்லாமல் ஒரு போட்டி

அவரைத் தேர்தலுக்கு இழுத்ததில் ரயில்வே தொழிலாளர்களுக்குப் பங்கு உண்டு. பெரிய ரயில் நிறுவனமான யூனியன் பசிபிக்கின் தலைமையகம் ஓமாஹாதான். 2023 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்டைனில் ரசாயனம் ஏற்றிய சரக்கு ரயில் தடம்புரண்டபோது, ரயில் பாதுகாப்புச் சட்டம் ஒன்று பேச்சுக்கு வந்தது. மைல் கணக்கில் நீளும் சரக்கு ரயிலில் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான ஒன்று. தங்கள் மாநிலத்து செனட்டர் ஃபிஷர் அதற்குத் துணை நிற்கவில்லை என்ற கோபம் ரயில் தொழிலாளர்களுக்கு இருந்தது. அதே 2023 இலையுதிர் காலத்தில் ஆஸ்போர்ன் வேட்பாளர் ஆனார்.

ஏன் சுயேச்சை? நெப்ராஸ்காவில் பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குடியரசுக் கட்சி. ஜனநாயகக் கட்சி நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அந்தக் கட்சி அங்கே செனட் தேர்தலில் கடைசியாக ஜெயித்தது 2006இல். ஆகவே அந்தக் கட்சிச் சின்னத்தோடு நின்றால் முதல் நாளே கதை முடிந்தது. ஆனால் இதை வெறும் தந்திரம் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த மண்ணில் அதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது.

ஜார்ஜ் நாரிஸ் என்று ஒரு செனட்டர் இருந்தார். குடியரசுக் கட்சியிலிருந்து வந்தவர். 1936இல் சுயேச்சையாகவே நின்று ஜெயித்தார். ‘சங்கத்தில் சேர மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலை கொடுக்கும் வழக்கத்தைச் செல்லாததாக்கிய 1932ஆம் வருடச் சட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. நெப்ராஸ்கா சட்டமன்றத்தை ஒரே அவையாக, கட்சிப் பெயர் போடாத தேர்தலாக மாற்றியதும் அவர் முயற்சிதான். இன்றும் அது அப்படியே இருக்கிறது. மின்சாரமும் அந்த மாநிலம் முழுக்கப் பொதுத்துறை கையில். வெளியே இருந்து பார்த்தால் முழுக்கக் குடியரசுக் கட்சியின் சிவப்பாகத் தெரியும் ஊருக்குள் இப்படி ஒரு மரபு ஓடுகிறது. அதே மாநிலம்தான் 1946இல், சங்கச் சந்தா கட்டாயம் இல்லை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிச் சங்கங்களை முடக்கியது என்பதையும் மறக்க வேண்டாம்.

சீட்டில் பெயர் வர 4,000 கையெழுத்து வேண்டும், அதுவும் மூன்று தொகுதிகளிலும் பரவலாக. அதைத் தாண்டிவிட்டார். ஜனநாயகக் கட்சி அந்த இடத்துக்கு வேட்பாளரே போடவில்லை. ஆனால் எந்தக் கட்சியின் ஆதரவையும் ஏற்க மாட்டேன் என்று 2024 மே மாதம் அவர் சொன்னதும், காத்திருந்த ஜனநாயகக் கட்சி மாநிலத் தலைமைக்கு மனவருத்தம். செனட்டுக்குப் போனாலும் எந்த அணியிலும் உட்கார மாட்டேன் என்றார்.

இத்தனைக்கும் அவர் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பகலில் பாய்லர் அறையில் குழாய் வேலை, மாலையிலும் வார இறுதியிலும் பிரசாரம். மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை ஏறத்தாழ 700 கி.மீ. வக்கீலோ தொழிலதிபரோ வேலையை ஒரு வருடம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தேர்தலில் நிற்கலாம். வாரச் சம்பளக்காரர் நின்றால் வீட்டு அடுப்பு எரியாது. பிரசார நிதியிலிருந்தே வேட்பாளர் ஓரளவு சம்பளம் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்தாலும், அது தாராளமாகத் தளர்த்தப்பட்டதே 2024 மார்ச்சில்தான். தொழிலாளிகள் ஏன் சபைக்குப் போவதில்லை என்று பேசும்போது திறமை, படிப்பு என்று பலரும் சொல்வார்கள். அந்த ஒரு வருடச் சம்பளத்தை யார் கொடுப்பார்கள் என்பதை முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

டிராக்டரும் சட்டைப் பட்டையும்

அவர் கையில் எடுத்த விஷயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, பொருளை வாங்கியவரே அதைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமை. கேட்க சின்ன விஷயம்போல இருக்கும். நெப்ராஸ்கா விவசாயியிடம் கேட்டால் அப்படி இருக்காது. அறுவடை நேரம். மழை வருமோ என்ற பயம். பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய அறுவடை இயந்திரம் வயல் நடுவில் நின்றுவிடுகிறது. கோளாறு ஒரு சின்ன சென்சாரில். விவசாயிக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும், அப்பா காலத்திலிருந்து டிராக்டரைக் கழற்றி மாட்டியவர். ஆனால் மென்பொருள் பூட்டு போட்டிருக்கிறது. கம்பெனி டீலரின் ஆள் லேப்டாப்போடு வந்து திறந்துவிடும் வரை தன் வண்டியைத் தானே தொட முடியாது. காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

இதை ஒரு மெக்கானிக் போய்ப் பேசும்போது அது கொள்கை அறிக்கையாக ஒலிப்பதில்லை. இயந்திரம் நின்றால் வயிறு எப்படிப் பிசையும் என்பது அவருக்குத் தெரியும். ஆலைத் தொழிலாளியும் நிலம் வைத்திருப்பவரும் ஒரே பக்கம் நிற்கும் விஷயம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். அதைக் கண்டுபிடித்தது இந்தப் பிரசாரத்தின் பெரிய சாமர்த்தியம்.

இன்னொன்று அந்த விளம்பரம். கார் பந்தய ஓட்டுநர்கள் சட்டை முழுக்கக் கம்பெனிப் பெயர்கள் ஒட்டியிருப்பது அமெரிக்கக் குழந்தைக்கும் தெரியும். செனட்டர்களும் யாரிடம் பணம் வாங்கினோம் என்று அப்படிச் சட்டையில் ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று காட்டினார்கள், ஃபிஷரின் படத்தை வைத்தே. தான் கம்பெனிகளின் தேர்தல் நிதிக் குழுக்களிடம் பணம் வாங்கப்போவதில்லை என்று ஆஸ்போர்ன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மற்றபடி சங்கம் சேரும் உரிமை, மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி, கருக்கலைப்பில் அரசு தலையிடக் கூடாது, துப்பாக்கி உரிமை, எல்லைப் பாதுகாப்பு என்று ஒரு கலவை. எந்தக் கட்சிப் பெட்டியிலும் அடங்காத கலவை. ஆனால் ஆலை ஓய்வறையில் உட்கார்ந்து கேட்டால் பலருடைய மனதும் அப்படித்தான் கலந்து கிடக்கும்.

ஒரு இடத்தில் எனக்கு உறுத்துகிறது. கடைசிக் கட்டத்தில், எல்லைச் சுவர் கட்ட டிரம்ப்புக்கு உதவி வேண்டுமென்றால் எனக்குக் கைவேலை நன்றாகத் தெரியும் என்ற பொருளில் ஒரு விளம்பரம் செய்தார். கட்சி மாறி ஓட்டுப் போடத் தயங்கியவர்களுக்காக என்று புரிகிறது. ஆனால் நெப்ராஸ்காவின் இறைச்சி ஆலைகள் யாருடைய கையால் ஓடுகின்றன? ஸ்கைலர், கிராண்ட் ஐலண்ட் போன்ற ஊர்களில் கத்தியும் கையுமாகக் குளிர் அறையில் நிற்பவர்களில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள். இரண்டு வகை ஆட்கள் கூடாது என்று 77 நாள் நின்றவர், இங்கே வந்து இரண்டு வகை ஆட்களைப் பற்றிப் பேசியது போலத்தான் அது என் காதில் விழுந்தது. ஜெயிப்பதற்காகச் செய்தார் என்றால், ஜெயிக்கவும் இல்லை.

எங்கே நின்றது

செப்டம்பர் கடைசியில் வந்த ஒரு கணிப்பு அவர் முன்னால் இருப்பதாகச் சொன்னது. அக்டோபர் இறுதியில் நியூயார்க் டைம்ஸ் கணிப்பில் ஃபிஷர் 48, இவர் 46. அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்த குடியரசுக் கட்சித் தலைமை விழித்துக்கொண்டது. வெளிப் பணம் வந்து இறங்கியது. டிரம்ப்பின் ஆதரவு திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இவர் சுயேச்சை இல்லை, வேஷம் போட்ட ஜனநாயகக் கட்சிக்காரர்.

அதை நம்ப வைக்க ஆதாரமும் கிடைத்தது. ஆஸ்போர்னுக்கு நன்கொடை வந்தது ஜனநாயகக் கட்சியினர் பயன்படுத்தும் தளம் வழியாக. அவருக்காக வெளியிலிருந்து செலவு செய்த குழுவுக்கும் அந்தப் பக்கத்துப் பணமே முக்கியம். சபையில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்ற கேள்விக்கு ‘எந்தப் பக்கமும் இல்லை’ என்ற பதில் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குழுக்களில் இடம் ஒதுக்குவது முதல் எல்லாம் இரண்டு அணிகள் வழியாகவே நடக்கும் சபையில், அந்தப் பதில் தயங்கி நிற்பவரைச் சமாதானப்படுத்தாது. இதுதான் அவரைக் கடைசியில் இழுத்துப் பிடித்தது என்பது என் கணிப்பு.

சுமார் 4,36,000 ஓட்டு அவருக்கு. ஃபிஷருக்கு 4,99,000. அதே சீட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு வேண்டுமா என்று மக்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். நாலில் மூன்று பங்குக்கு அருகில் வேண்டும் என்று போட்டார்கள். 2022இல் குறைந்தபட்சக் கூலியை 2026க்குள் 15 டாலராக உயர்த்தும் கேள்விக்கும் பெரும்பான்மை ஆமாம் என்றது. கட்சிப் பெயர் இல்லாமல் கேட்டால் தொழிலாளி பக்கம் நாலில் மூன்று. கட்சி இல்லாத தொழிலாளி நின்றால் 46. இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சிப் பெயரோடு நின்றவருக்கு 37. ஆரம்பத்தில் கேட்ட அந்த 18 சதவீத இடைவெளிக்கு என் விடை இந்த மூன்று எண்களில் இருக்கிறது. அங்கே தோற்றது தொழிலாளியின் கோரிக்கைகள் இல்லை.

தேர்தல் முடிந்து அவர் குழாய் வேலைக்கே திரும்பினார். தொழிலாளிகள் தேர்தலில் நிற்க உதவும் நிதி ஒன்றைத் தொடங்கினார். 2025 ஜூலை 8 அன்று மறுபடியும் போட்டி என்று அறிவித்தார், இந்த முறை ரிக்கெட்ஸை எதிர்த்து. ரிக்கெட்ஸ் முன்னாள் ஆளுநர், பெரும் பங்குவர்த்தக நிறுவனத்தை உருவாக்கிய குடும்பத்துப் பிள்ளை. தேர்தல் நாள் 2026 நவம்பர் 3.

அந்த ஓமாஹா ஆலை? 2026 அக்டோபர் வரை மூடக் கூடாது என்று 77 நாள் நின்று எழுதி வாங்கிய ஷரத்து இருந்ததல்லவா. 2024 ஆகஸ்டில், அவர் மாநிலம் முழுக்க ஓட்டுக் கேட்டு அலைந்துகொண்டிருந்த நேரத்தில், நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. 2025 கடைசியிலிருந்து உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்து, 2026 முடிவதற்குள் ஆலையை மூடப் போகிறார்களாம்.